லேடீஸ் வண்டி

“யாருக்குண்ணே வண்டி?” என்று கேட்டார் சைக்கிள் கடை ஹாஜா மைதீன்.

“வீட்ல உள்ளவளுக்கு” என்றார் அடைக்கலசாமி, ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

பக்கத்தில் நின்ற அருள்மேரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைத் துடைப்பதுபோல முந்தானையால் மறைத்துக்கொண்டாள். அவள் சைக்கிளில் ஏறியதெல்லாம் இவருக்குப் பின்னால், கேரியரில்தான்.

போன வருஷம் மேட்டூர்த் தண்ணீர் வந்த சமயம் அடைக்கலசாமி மதகில் வழுக்கி விழுந்தார். ஒடிந்த இடுப்பு கூடிவிட்டது. வலது கால்தான் தூக்க வரவில்லை. சைக்கிளின் குறுக்குக் கம்பியைத் தாண்டிக் காலைப் போட முடியாது.

அதை யாரிடமும் சொல்ல மாட்டார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வயலுக்குப் போவார். வழியில் யாராவது கேட்டால், “பஞ்சர்.”

ஊரே அந்த டயர் கம்பெனியைத் திட்டியது.

துபாயிலிருந்து மகன் ஜெரால்ட், ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிகிற நேரம் பார்த்து டெலிபோன் பூத்துக்குப் போன் போடுவான். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிடச் சொல்லுவான். இந்தச் சம்பாவுக்கும் இவரால் நேரத்துக்கு மடை திறக்கப் போக முடியாவிட்டால் அப்படித்தான் ஆகும். அப்புறம் மனுஷன் வீட்டுக்குள் உட்கார்ந்து எதைப் பார்ப்பார்? அருள்மேரிக்கு அந்தக் கவலைதான்.

லேடீஸ் சைக்கிளுக்குக் குறுக்குக் கம்பி கிடையாது என்று முதலில் சொன்னது அவள்தான். சில நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை அவர். பிறகு அவராகவே வழி கண்டுபிடித்தார்.

“உனக்குனு வாங்கிருவோம். என் வண்டிதான் பஞ்சராச்சே, ஒன்னோடத எடுத்துட்டு வந்தேன்னு சொல்லிக்கிறேன்.”

கடைச் சுவரில் கம்பெனிப் படம் ஒட்டியிருந்தது. ஒரு பக்கம் மீசைக்காரர், கேரியரில் நெல் மூட்டை. மறுபக்கம் ரெட்டைச் சடைப் பெண், முன்கூடையில் புத்தகம். கம்பியில்லாத வண்டிக்குப் பொம்பளைப் பேர் வைத்தவர்களுக்கு, ஆம்பளைக்கும் இடுப்பு ஒடியும் என்று தோன்றவில்லை போலிருக்கிறது.

“என்ன கலர்க்கா?”

“செவப்பு.”

சொல்லிவிட்டுத்தான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். எந்தச் சாமான் வாங்கும்போதும் அவளிடம் யாரும் கலர் கேட்டதில்லை. கேட்டதும் வந்துவிட்டது. யார் ஓட்டப்போகிறார் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. மூலையில் கறுப்பு ஒன்று நிற்கத்தான் செய்தது.

அடைக்கலசாமி அவளைப் பார்த்தார். சிவப்பு வண்டியைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார்.

“அவ கேக்குறதையே குடுங்க.”

சொன்ன கையோடு, டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று காலை இழுத்து இழுத்து ரோட்டைக் கடந்து போனார்.

ஹாஜா மைதீன் ஸ்பேனரை எடுத்துச் சீட்டுப் பக்கம் குனிந்தார்.

அருள்மேரி வீட்டுக்காரரின் தோளுக்குக்கூட வரமாட்டாள். அவள் உயரத்துக்கு வைத்தால் அவர் முழங்கால் ஹாண்டில்பாரில் இடிக்கும். பிறகு சீட்டை ஏற்றிக்கொள்ளலாம் என்றால், எந்தக் கடைக்குப் போனாலும் யாருக்கு என்றுதான் கேட்பார்கள். விஷயம் ஊருக்குத் தெரிந்துபோனால் இவர் இதில் ஏறவே மாட்டார். இதுவும் தள்ளிக்கொண்டு போகிற வண்டியாகிவிடும்.

“சீட்டு கொஞ்சம் ஒசரமாவே இருக்கட்டும் தம்பி” என்றாள். “எனக்கு அப்படித்தான் பழக்கம்.”

குட்டை உருவம். சொல்லும்போதே குரல் இறங்கிப்போயிற்று.

ஹாஜா மைதீன் சிரிக்கவில்லை. அவளை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. சீட்டுக் கம்பியைத் தாராளமாக மேலே இழுத்து முடுக்கினார்.

“தெரியும்க்கா. சம்சாரத்துக்குனு வந்து வாங்குற வண்டிக்கெல்லாம் ஆம்பள ஒசரத்துக்குத்தான் வச்சுக் குடுக்குறேன்.”

அருள்மேரி திரும்பி ரோட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்தாள்.

டீக்கடை வாசலில் லேடீஸ் சைக்கிள்கள் வரிசையாகச் சாய்ந்து நின்றன. உள்ளே பெஞ்சில், அவள் வீட்டுக்காரருக்கு இடம்விட்டு நகர்ந்து உட்கார்ந்தவை எல்லாம் நரைத்த மீசைகள்.