கிருஷாந்தி படுக்காத கட்டில்

முதல் ரத்தம் கிருஷாந்தியுடையதுதான் என்று லோஜன் மைக்கில் சொல்லிவிட்டான்.

தேயிலைத் தோட்டத்து மண்டபமே கை தட்டியது. எதற்கென்று கேட்காமல் கை தட்டுகிற சனம்.

கிருஷாந்தி என் மகள் வயிற்றுப் பேத்தி. எங்கள் தோட்டத்திலிருந்து டாக்டருக்குப் படிக்கப் போகிற முதல் பிள்ளை. திங்கட்கிழமை கெம்பஸ் தொடங்குகிறது. அதைக் கொண்டாடத்தான் லோஜனுடைய இளைஞர் மன்றம் இந்த ரத்ததான முகாமை வைத்தது. ஒரு பொன்னாடையைப் போட்டு, வடையும் தேத்தண்ணியும் கொடுத்து அனுப்பியிருக்கலாம். டாக்டராகப் போகிற பிள்ளைக்கு ரத்தம் கொடுத்துத்தான் மரியாதை செய்ய வேண்டுமாம். அதுவும் அவளே தொடங்கி வைக்க வேண்டுமாம்.

அவள் ரத்தத்தில் வைரஸ் இருக்கிறது.

கெம்பஸுக்காக மெடிக்கல் எடுத்தபோதுதான் தெரிந்தது. ஈரலில் உட்கார்ந்துகொள்கிற சாதி. ஹெப்படைட்டிஸ் பி என்றார்கள். தாயிடமிருந்து வந்திருக்கும், போகாது, ஒழுங்காகச் செக் பண்ணிக்கொண்டால் படிக்கத் தடையில்லை, சேர்ந்து சாப்பிட்டால் ஒட்டாது என்றார் டாக்டர். டாக்டர்மார் சொல்வதில் பாதியைத்தான் நான் நம்புவேன். ஆனாலும் அவள் குடித்து மிச்சம் வைக்கிற தேத்தண்ணியை நான்தான் குடிக்கிறேன்.

ஊர் குடிக்காது.

இவள் போய்விடுவாள். இவள் தாய் மீனம்மா இங்கேதானே இருக்க வேண்டும். அவளுக்குப் பிள்ளைக் காம்பராவில் வேலை. கொழுந்து பறிக்கப் போகிற பொம்பளைகள் கைக்குழந்தைகளை அவளிடம்தான் விட்டுப் போகிறார்கள். விஷயம் வெளியே வந்தால் மறுநாள் அங்கே ஒரு தொட்டிலும் ஆடாது.

காய்ச்சல் என்று கிருஷாந்தி லோஜனிடம் சொல்லிப் பார்த்தாள். நர்ஸ் பார்ப்பாங்க, வா தங்கச்சி என்றான். நர்ஸின் காதில் சொல்லிவிடலாம் என்றுதான் நடந்தாள். எங்கே சொல்வது? கட்டிலைச் சுற்றிப் போன் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். லோஜன் மைக்கை அவள் வாய்க்கே கொண்டுபோய்விட்டான்.

சுவரோரம் மீனம்மா யாருடைய பிள்ளையையோ இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். முகத்தில் ஒரு சொட்டு ரத்தமில்லை.

நான் எழுந்தேன்.

"டேய் லோஜன், எம் பேத்தி ரத்தத்த எடுத்துட்டுப் போயி எங்கடா விக்கப் போறீங்க?"

அதற்குப் பிறகு வாய் தானாகவே ஓடியது. வேனில் கொழும்புக்குப் போகிறது, பணக்காரனுக்கு விலை பேசி ஏற்றுகிறார்கள், மலையில் கடிக்கிற அட்டையாவது உப்பைப் போட்டால் விழுந்துவிடும், இவன்கள் விழமாட்டான்கள் என்றேன். அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அவளுக்குப் போட வைத்திருந்த பொன்னாடை கட்டிலிலேயே கிடந்தது.

நர்ஸ் சிங்களப் பிள்ளை. பேச்சு விளங்கவில்லை, என் மூஞ்சி விளங்கியிருக்கும். லோஜனுக்கு அழுகை வந்துவிட்டது. கிழட்டுப் புத்தி என்று எவனோ பின்னால் சிரித்தான்.

அத்தோடு முடியும் என்று நினைத்தேன். எப்போதும்போல என்னை நாலு வார்த்தை ஏசிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள் என்றிருந்தேன்.

வரிசையில் அடுத்து நின்ற ராக்காயி, மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டாள். கெழவன் சும்மா சொல்லமாட்டான் என்று முணுமுணுத்துக்கொண்டே வெளியே போனாள். அவள் பின்னால் அவள் மருமகன். அவன் பின்னால் மற்றவர்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வரிசை முழுக்கத் தூறலில் லயத்து வீடுகள் பக்கம் இறங்கிவிட்டது.

நர்ஸ் விரிப்பை மடித்தாள். வெறும் பைகளைத் திரும்பப் பெட்டியில் அடுக்கினாள்.

வீட்டுக்கு வரும் வழியில் மீனம்மா முன்னால் வேகமாக நடந்தாள். பாதை வழுக்கும் என்று கிருஷாந்தி என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"எல்லாருமே போயிட்டாங்களே தாத்தா" என்றாள்.

கோபமில்லை. நன்றியுமில்லை. களைத்துப்போன குரல்.

நான் மற்றக் கையால் தொடையைத் தடவிக்கொண்டே நடந்தேன்.

அவள் பிறப்பதற்கு முன்னால் ஒரு தரம் கொழுந்து லொறி புரண்டு என் தொடை கிழிந்தது. மூன்று போத்தல் ரத்தம் ஏற்றினார்கள். கண் முழித்ததும் யார் கொடுத்தது என்று கேட்டேன். பேர் சொல்ல மாட்டார்களாம். யாரோ மூன்று பேர், சல்லி வாங்காமல் கொடுத்தார்களாம்.

நான் தோட்டத்துத் துரையை நம்பியதில்லை. யூனியனை நம்பியதில்லை. சாமியைக்கூட அரைகுறைதான்.

அந்த மூன்று பேரை மட்டும்தான் நம்பினேன்.