சூடு தெரியாத ரத்தம்

மாசித் திருவிழாவில் கொதிக்கிற நெய்யில் வெறுங்கையை விட்டு முதல் அப்பத்தை எடுக்கும் உரிமை சட்டிச்சாமியின் வாரிசுக்கு மட்டுமே. சாமியின் ரத்தத்துக்கு நெய் சுடாது என்பதை ஏழு தலைமுறையாக ஊர் கண்ணால் பார்த்திருக்கிறது. எட்டாவது தலைமுறை பூதலிங்கம்; கை விடுவது இதுதான் முதல் தடவை. அண்ணன் செத்த பதினாறாம் நாளே மதினி இசக்கியம்மாளை வீட்டைவிட்டுத் துரத்தியவர். இப்போது அந்த அடுப்புக்கு விறகு தள்ளுகிறவள் அவள்தான்.

பூதலிங்கம் கையை விட்டார். கை பொரிந்தது. அப்பம் மேலே வருமுன் பதறி எடுத்தால் பட்டமும் முதல் மரியாதையும் போய்விடும் என்பதால் சிரித்துக்கொண்டே உள்ளே வைத்திருந்தார்.

"கொழுந்தனாரே, கை வேகுது. எடுத்திருங்க," என்றாள் இசக்கியம்மாள், மற்றவர்களுக்குக் கேட்காமல்.

"சாமி பேரன் கை வேகாது மதினி. நீ அடுப்பப் பாரு."

வாசனை வர ஆரம்பித்ததும் அவளுக்குப் பொறுக்கவில்லை. தன் கையை நெய்க்குள் விட்டு அவர் கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டாள். அவர் அதைச் சட்டென்று பட்டுத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டார். அவள் கையில் ஒரு கொப்புளம் இல்லை. கிணற்றில் நனைத்து எடுத்ததுபோல் குளிர்ந்திருந்தது.

பூசாரி அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாத்தீங்களாய்யா சாமி ரத்தத்தோட மகிமைய. அவரத் தொட்டவளுக்கே சுடல."

ஊர் வரிசையில் நின்றது. பூதலிங்கம் இடது கையால் ஆசீர்வதிக்க ஆரம்பித்தார். முதலில் பிடித்துக் குனியவைத்த தலை இசக்கியம்மாளுடையது.