கடைசி சீட்டில் மூன்று பேர்

வண்டி பார்க்க ஐந்து பேர் வந்திருந்தார்கள். ஒருவர்கூட மெக்கானிக் இல்லை.

அப்போதே எனக்கு இடித்தது.

எதிர்வீட்டு முத்துக்கிருஷ்ணன் தன் ஏழு சீட் வண்டியைக் கழுவித் துடைத்து வாசலில் நிறுத்தியிருந்தான். விற்கப் போகிறானாம். வாங்கி இரண்டு ஆடித்தபசுத் திருவிழாகூட முடியவில்லை, அதற்குள் என்ன அவசரம் என்று நேற்றே கேட்டுவிட்டேன்.

"மக கல்யாணத்துக்குத்தான் மைனி" என்றான்.

மாப்பிள்ளையே அமையவில்லை, அதற்குள் வண்டியை விற்கிறானாம்.

மாரிசெல்வியைப் போன வருசம் இரண்டு இடத்திலிருந்து வந்து பார்த்தார்கள். தாம்பாளமும் பழமும் பூவுமாக, தெருவே பார்க்க வந்தார்கள். திரும்புகிற வழியில் என் வாசலில் நின்று பிள்ளை எப்படி என்று இரண்டு வார்த்தை கேட்டார்கள். கேட்டதற்கு எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அதற்கப்புறம் ஏனோ இரு வீட்டாரும் வரவில்லை. ஜாதகம் சேர்ந்திருக்காது.

மூன்றாவதும் தட்டிப்போனால் பிள்ளை இனிமேல் யார் முன்னாலும் வந்து நிற்கமாட்டாள் என்று அவள் அம்மா கோமதியம்மன் சன்னதியில் அழுதாள். பக்கத்தில் நின்று நானே கேட்டேன்.

சரி, வண்டி விஷயத்துக்கு வருவோம். காலையில் பெருக்கிய வாசலை இன்னொரு தடவை பெருக்கப் போனேன்.

வந்தவர்களில் பெரியவருக்குப் புளியங்குடி. எலுமிச்சை வியாபாரமாம். நான் கேட்காமலே சொன்னார். அதுவும் சரியில்லை.

"புதுசு எடுக்க வசதி பத்தாது தாயி. வீட்டுல ஏழு உருப்படி. பழசுல தோதா ஒண்ணு பாக்கோம். தென்காசில ஒண்ணு பாத்தோம், கடைசி சீட்டுல பிள்ளைகதான் உக்காரலாம். ராஜபாளையத்துல ஒண்ணு, அது மேட்டுல ஏறாதுன்னாவ."

அவருடைய மகன் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தான். பானெட்டைத் திறக்கச் சொல்லவில்லை. ஹார்ன்கூட அடித்துப் பார்க்கவில்லை. உள்ளே தொங்குகிற கண்ணாடியை மட்டும் இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தான். அவன் திருப்பிய திருப்பில் ரோடு தெரியாது. முத்துக்கிருஷ்ணன் வீட்டு வாசற்படிதான் தெரியும்.

ஓட்டத் தெரியாத பயல் போலிருக்கிறது.

பையனின் அம்மா கையில் ஒரு ஒயர் கூடை. மேலே துண்டு போட்டு மூடியிருந்தது. சக்கரத்துக்கு வைக்க எலுமிச்சம்பழமாக இருக்கும். விலை பேசுமுன்னே பழத்தோடு வந்து நின்றால் விற்கிறவன் எப்படி விலையை இறக்குவான்? வியாபாரம் பண்ணுகிற குடும்பம் என்று வெளியே சொல்லிவிடாதீர்கள்.

சாவியை மாரிசெல்வி கொண்டுவந்தாள். ஒரு தட்டில் வைத்து. பவுசுக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. தலைக்குக் குளித்து, பின்னலை நன்றாக இறுக்கிப் போட்டிருந்தாள். வெறும் தலை.

எனக்கு மனசு கேட்கவில்லை. விளக்குமாற்றை ஓரமாக வைத்துவிட்டுப் பெரியவரிடம் போனேன்.

"நல்லா பாத்து வாங்குங்க அண்ணாச்சி. கரிவலம் வளைவுல ஓடைக்குள்ள எறங்கின வண்டியாக்கும் இது. முன்பக்கம் பூரா பட்டி பாத்து பெயிண்ட் அடிச்சிருக்கு. நம்பரைக் கூட்டினா எட்டு வரும்."

"எங்களுக்கு எட்டுதான் ராசி, தாயி. நல்லவேள சொன்னிய."

எட்டு ராசி என்கிற வியாபாரியை என் ஆயுசில் நான் பார்த்ததில்லை.

மற்ற நாளாக இருந்தால் முத்துக்கிருஷ்ணன் என்மேல் எரிந்து விழுந்திருப்பான். இன்றைக்குச் சிரித்தான்.

"மைனிக்குத் தெரியாம நம்ம தெருவுல ஒரு ஈ பறக்காது அண்ணாச்சி."

இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். வாங்குகிறவனும் விற்கிறவனும் விலை பேசுமுன்னே ஒன்றாகச் சிரிப்பார்களா?

பையனின் அம்மா பின்கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"கடைசி சீட்டுல மூணு பேரு கொள்ளுமான்னு உக்காந்து பாத்தாத்தான தெரியும். வாம்மா, நீயும் ஏறு."

அவள், கூட வந்த அவள் மகள், நடுவில் மாரிசெல்வி. கூடையையும் உள்ளே கொண்டுபோனாள். சீட்டு பார்க்கக் கூடை எதற்கு?

கதவு சாத்திக்கொண்டது. பின் கண்ணாடிக்கு முத்துக்கிருஷ்ணன் கறுப்புப் பேப்பர் ஒட்டியிருக்கிறான். சட்டப்படி கூடாது, போலீஸ் பிடிப்பான் என்று ஒட்டும்போதே சொன்னேன். கேட்டால்தானே. என்ன உற்றுப் பார்த்தும் என் முகம்தான் அதில் தெரிந்தது.

முன்சீட்டில் அந்தப் பயல் கண்ணாடியைத் திரும்பவும் திருப்பினான், இந்தத் தடவை கடைசி சீட்டுப் பக்கமாக.

இறங்கினார்கள். பெரியவர் கையைக் கூப்பினார். முத்துக்கிருஷ்ணனும் கூப்பினான். ஒரு சக்கரத்துக்கும் எலுமிச்சை வைக்கவில்லை. வெறுங்கூடையை வீசிக்கொண்டு ஐந்து பேரும் ஆட்டோ ஏறிப் போய்விட்டார்கள்.

பாவம், நான் சொன்னதுதான் வேலை செய்துவிட்டது.

"என்ன தம்பி, படியலியோ?"

"படியல மைனி" என்றான். வண்டிமேல் உறையை இழுத்துப் போட்டு மூடினான். முகத்தில் ஒரு பொட்டு வருத்தம் கிடையாது.

மாரிசெல்வி தட்டை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டி வீட்டுக்குள் போனாள்.

பின்னலில் இரண்டு முழம் பிச்சிப்பூ.

ஏறும்போது அந்தத் தலையில் பூ இல்லை. நான் பார்த்தேனே.