டர்பைன் எஞ்சினில் ஒரு சவாரி

விமானத்து டர்பைனை ரயில் எஞ்சினில் பொருத்தி ஓட்டிக் காட்ட, பொறியாளர் ஒன்பது வருஷம் மாடாய் உழைத்திருந்தார். ஒவ்வொரு சோதனையிலும் ஏதாவது ஒன்று காலை வாரியது. இன்று முதல்முறையாக மனைவியையும் எஞ்சினில் ஏற்றிக்கொண்டார்.

"என்னை ஏத்தினா மேலதிகாரி திட்ட மாட்டாரா?"

"இன்னைக்கு யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க."

டர்பைன் ஊளையிட்டுக் கிளம்பியது. வேகமுள் நூறைத் தாண்டியது.

"இவ்வளவு நல்லா ஒருநாளும் ஓடினதில்ல சார்!" என்று கத்தினார் டிரைவர்.

பொறியாளருக்குக் கண் கலங்கியது. மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதான் ஜெயிச்சிட்டீங்களே, ஏன் அழுறீங்க? இனிமேலாவது நேரத்துக்கு வீட்டுக்கு வருவீங்களா?"

"தினமும் வருவேன்."

வண்டி கிளைப்பாதையில் திரும்பி, ஓர் இரும்பு வாசலுக்குள் போய் நின்றது. உள்ளே நான்கு பேர் கேஸ் கட்டரோடு காத்திருந்தார்கள். சுற்றிலும் துண்டு துண்டாக வெட்டிப்போட்ட பெட்டிகள்.

"இது எந்த ஸ்டேஷன்ங்க?"

"ஸ்டேஷன் இல்ல, வண்டிய உடைக்கிற இடம். போன வாரமே திட்டத்தை மூடிட்டாங்க. இழுத்துட்டு வர வேற எஞ்சின் இல்லையாம், என்னையே கொண்டுவந்து விடச் சொல்லிட்டாங்க."

அவள் வெட்டிப்போட்ட பெட்டிகளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"முழுசா இருக்கும்போதே நீ ஒரு தடவை பாத்துடணும்னுதான் கூட்டிட்டு வந்தேன்," என்றார் அவர்.