ஒஸ்லோவில் ஒரு வாழைக்குலை

ஒஸ்லோவின் பனியிலும் பட்டுப்போகாத அந்தப் புது இன வாழைக்குத் தினமும் காலையில் சுடுதண்ணீர்ப் பை கட்டிவிட வேண்டும். கட்டாவிட்டால், அருகில் வரும் எந்தச் சூட்டையும் இலைகளால் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். அன்று மரம் குலை தள்ளியிருந்தது. அதைக் கண்ட சந்தோஷத்தில் யோகநாதன் பையை மறந்து, வெறுங்கையால் தண்டைத் தடவினார்.

அலறல் கேட்டு மனைவி திலகேஸ்வரி இறைச்சிக் கத்தியோடு ஓடிவந்தாள். இலைகள் அவருடைய வலக்கையை முழங்கை வரை இறுக்கியிருந்தன. உள்ளே எலும்பு நொறுங்கியது. அவள் தண்டை நோக்கிக் கத்தியை ஓங்கவும், அவர் இடக்கையால் அவளை ஓங்கி அறைந்தார்.

“எருமை! ஏழு வருசம் காத்திருந்த குலையடி. வாழையில கத்தி பட்டுதெண்டால் உன்னைக் கொல்லுவன்!”

“இஞ்சேருங்கோ, மற்ற இலை கழுத்துக்கு வருகுது! அப்ப நான் எதை வெட்டுறது?”

“வாழையைத் தொடாதை!”

உதட்டில் வழிந்த இரத்தத்தை அவள் புறங்கையால் துடைத்தாள். இருபது வருடங்களில் ஒருநாளும் அவர் சொல்லை மீறியதில்லை. அவருடைய முழங்கைக்கு மேலே குறிபார்த்து, மூன்றே வெட்டில் முடித்தாள். பனி சிவந்தது. விழுந்து துடித்தவரின் வெட்டுண்ட கையின் மிச்சத்தைத் தன் சால்வையால் இறுகக் கட்டியபடி சொன்னாள்:

“வாழையில ஒரு கீறலும் இல்லை, பாருங்கோ.”