முதல் பந்தியில் அம்பலவாணர்

"பீடி, சாராயம் தொடாத வம்சம் இது. எனக்கா தொண்டைப் புற்று?" அம்பலவாணர் டாக்டர் மருமகள் யாழினியிடம் சீறினார்.

அவர் விழுங்கியிருந்த மிளகளவு கருவி உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு இரவெல்லாம் கண்டதை யாழினி சுவரில் ஓடவிட்டாள். வயிற்றிலிருந்து பித்தநீர் மஞ்சள் அலையாக ஏறியது. அது பட்ட செல்கள் துடித்தன. எரிச்சலைத் தாங்குவதற்காகச் சில, குடலின் செல்களைப் போலவே ஏற்கெனவே உருமாறியிருந்தன. தனக்குள் இப்படியொரு ஊரே பாடுபடுவதைக் கண்டு அவர் கைகூப்பினார்.

"இன்னும் புற்றாகலை, மாமா. விருந்தாளிங்க எல்லாரும் சாப்பிட்ட பிறகு சாப்பிட்டு, உடனே படுக்கறதாலதான் இது மேல ஏறுது. அதை விட்டுடுங்க."

"அது நம்ம வீட்டு மரியாதைம்மா!"

ஆனாலும் பேத்தி கல்யாணத்தில் முதல் பந்தியிலேயே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என்ன சம்பந்தி, அவ்வளவு பசியா?" மாப்பிள்ளையின் தாத்தா கிண்டலடித்தார்.

"தொண்டைக்குள்ளயும் கோடி விருந்தாளிங்க இருக்காங்க, சம்பந்தி. அவங்களை முதல்ல கவனிக்கணும்."