லிடியாவுக்கு மேலே ஒரு வரி

மாசசூசெட்ஸின் பனிமழை ஜன்னலை விடாமல் தட்டிக்கொண்டிருக்கிறது. சாப்பாட்டு மேஜையில் குடும்ப பைபிள் விரிந்து கிடக்க, லிடியா உட்காருவதும் எழுவதுமாக இருக்கிறாள். பிறப்பு இறப்புகளை எழுதிவைத்த பழுப்பேறிய பக்கத்தில் அவள் விரல் ஒரே வரியைத் திரும்பத் திரும்பத் தடவுகிறது. தங்கள் வம்சமே 1752-இல் கல்யாணமான இன்னொரு லிடியாவிலிருந்து கிளைத்தது என்று அவள் ஆறு வருஷமாக வரைந்துவரும் அட்டவணை சொல்கிறது. பைபிளோ அந்த லிடியா 1731-இல், இரண்டு வயதில், இறந்துவிட்டாள் என்கிறது. "செத்த குழந்தைக்குக் கல்யாணம் பண்ணி வச்சிருக்கியே, கெட்டிக்காரிதான்," என்று அத்தை மகன் வென்டல், கையிலிருக்கும் கார் சாவியைக் குலுக்குகிறான். பிறகு மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்து, நான்கு வரி கீழே தட்டுகிறான். "இங்க பாரு. 1733-ல மறுபடியும் ஒரு லிடியா. அப்பல்லாம் போன பிள்ளை பேரையே அடுத்ததுக்கு வச்சிடுவாங்க. உன் வம்சம் தப்பிச்சுது. கிளம்பலாமா?" அவள் கிளம்பவில்லை. அட்டவணையைத் தன் பக்கம் இழுத்து, அதன் அடியில் இருக்கும் தன் பெயருக்கு மேலே, கிடைத்த இடுக்கில், பென்சிலால் லிடியா என்று எழுதுகிறாள். பக்கத்தில் 1956, 1957. "உன் பேரைத்தான் ஏற்கெனவே எழுதிட்டியே?" சாவிச் சத்தம் நின்றிருக்கிறது. "இது எனக்கு முன்னாடி பொறந்து, போயிட்ட அக்கா. லிடியான்னு அம்மா அவளைத்தான் கூப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க, வென்டல். நான் திரும்பிப் பார்த்தேன்."